அடுத்த தள்ளுபடி வரை 60 மணி நேரம்

போன வாரம் இரவு 11 மணிக்குத் தம்பி போன் செய்தான். “அக்கா, ஒரு கேமுக்கு 85 சதவீதம் தள்ளுபடி போட்டிருக்காங்க, எடுத்துடவா?” என்ன மாதிரி கேம் என்று கேட்டேன். “சரியாத் தெரியல, ஏதோ ஓப்பன் வேர்ல்டு. ஆனா 85 சதவீதம்க்கா!” எப்போது முடிகிறது என்று கேட்டால் இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்றான். அப்படியானால் இப்போது போய்த் தூங்கு, காலையில் எழுந்ததும் அந்த கேமின் பெயர் யோசிக்காமல் வாயில் வந்தால் எனக்குப் போன் பண்ணு, பேசிக்கொள்ளலாம் என்றேன். காலையில் போன் வரவில்லை. மாலையில் நானே கேட்டபோது, “விட்டுட்டேன்க்கா, பேர்கூட மறந்துபோச்சு” என்றான்.

அவனுக்கு இப்படி ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேனே தவிர, இதை நான் கற்றுக்கொள்ள ஏறக்குறைய பத்து வருடம் ஆனது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஸ்டீம் என்கிற இணையக் கேம் கடையில் நான் வாங்கிச் சேர்த்திருந்த லைப்ரரியை விளையாடிய நேரப்படி வரிசைப்படுத்திப் பார்த்தேன். மொத்தம் 312 கேம்கள். அதில் 174 கேம்களை ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. இன்னும் ஒரு 60 கேம்களில் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் என்று நின்றுபோயிருந்தது. கிட்டத்தட்ட எல்லாமே தள்ளுபடியில் வாங்கியவை. ஒவ்வொன்றையும் வாங்கிய அன்று லாபம் என்று நினைத்துத்தான் வாங்கியிருக்கிறேன்.

அந்த வரிசையின் கீழே இருந்ததைவிட மேலே இருந்ததுதான் என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்தது. ஸ்லே தி ஸ்பையர் 200 மணி நேரத்துக்கு மேல், அப்புறம் ஸ்டார்டியூ வேலி, ஹேடிஸ், இன்டு தி பிரீச். நான்கிலுமே அரை மணி நேரம் கிடைத்தால் போதும், உட்கார்ந்து கொஞ்சம் ஆடிவிட்டு எழுந்துவிடலாம். ஆனால் நான் வாங்கிக் குவித்திருந்தது என்ன என்று பார்த்தால், முக்கால்வாசி 60 மணி நேரம், 80 மணி நேரம் கேட்கிற பெரிய பெரிய ஆர்பிஜிகள், அதாவது ஒரு பாத்திரமாக மாறி நீண்ட கதையை வாழ்கிற கேம்கள். வாங்குகிற நான் வேறு, விளையாடுகிற நான் வேறு என்று அன்றைக்குத்தான் கண்ணெதிரே பார்த்தேன். வாங்குகிறவளுக்கு நீண்ட விடுமுறையும் ஓய்ந்த மனமும் எப்போதும் இருக்கின்றன. விளையாடுகிறவள் வேலை முடித்துக் களைத்து வந்து, தூங்குவதற்கு முன் 40 நிமிடம் மிச்சம் வைத்திருக்கிறாள். தள்ளுபடி நாளில் இந்த இரண்டாவது ஆளைக் கேட்காமல் எதையும் எடுக்கக் கூடாது என்று அப்போது முடிவு செய்தேன். உங்கள் லைப்ரரியையும் ஒருமுறை இப்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். எந்த விமர்சகரைவிடவும் உங்கள் ருசியை நன்றாகச் சொல்கிற பட்டியல் அது.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஸ்டீமில் 2023 முதல் வருடத்துக்கு நான்கு பெரிய பருவகாலத் தள்ளுபடிகள் வருகின்றன: வசந்தம், கோடை, இலையுதிர், குளிர்காலம். இடைவெளி ஒரே சீராக இருக்காது, சராசரியாக 13 வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு வாரத்தில் விளையாடக் கிடைப்பது 5 மணி நேரம். 65 மணி நேரம் ஆகிறது. உடம்பு சரியில்லாத நாள், வேலை மிகுந்த வாரம் என்று கொஞ்சம் கழித்தால் 60. ஆக, ஒரு தள்ளுபடிக்கும் அடுத்ததற்கும் நடுவில் என் கையில் இருப்பது 60 மணி நேரம்தான். தி விட்சர் 3 போன்ற ஒன்றை எடுத்து, முக்கியக் கதையை மட்டும் முடிக்கவே சுமார் 50 மணி நேரம் ஆகும். வழியில் கண்ணில் படுகிற கிளைக்கதைகளையும் செய்துகொண்டே போனால் 100. பெர்சோனா 5 ராயல் எடுத்தால் அதற்கு மட்டுமே சுமார் 100 மணி நேரம், அதாவது எனக்கு ஐந்து மாதம். அதோடு சேர்த்து இன்னும் நான்கு கேம் கூடையில் போட்டால், அந்த நான்கையும் தொடுவதற்கு முன்பே அவை இன்னொரு முறை, சில சமயம் இரண்டு முறை, இதே விலைக்கோ இதைவிடக் குறைவாகவோ வந்து போய்விடும். அப்படியென்றால் இன்று வாங்குவதில் எனக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை. மூன்று மாதம் என் பணம் அங்கே சும்மா கிடக்கும், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு மனதில் ஏறியபிறகு தள்ளுபடிப் பக்கத்தைத் திறக்கும்போது வருகிற படபடப்பு பாதி குறைந்துவிட்டது. மிச்சப் படபடப்பு, இந்த விலை போனால் வராது என்கிற பயம். அதற்கு மருந்து விலை வரலாறு. ஸ்டீம்டிபி என்கிற தளத்தில் எந்த கேமின் பக்கத்தைத் திறந்தாலும் அது வெளிவந்த நாளிலிருந்து விலை ஏறி இறங்கிய கோடு தெரியும். இஸ்தேர்எனிடீல் தளம் பல கடைகளை ஒன்றாக வைத்து, இதுவரை வந்ததிலேயே குறைந்த விலை எது என்று காட்டும். பத்து கேம்களுக்கு அந்தக் கோட்டைப் பார்த்தால் போதும், பழக்கம் புரிந்துவிடும்: முதல் வருடம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், 50 சதவீதத் தள்ளுபடியைத் தொட்டபின் வருடத்துக்கு நான்கைந்து முறை அதே 50 வரும், பிறகு ஒருநாள் 75. ‘வரலாற்றிலேயே குறைந்த விலை’ என்று பளிச்சென்று தெரிகிற எண், பல கேம்களுக்குப் போன தள்ளுபடியிலும் அதே எண்ணாகத்தான் இருந்திருக்கும். முன்பு ஸ்டீமில் சில மணி நேரமே நீடிக்கிற திடீர்த் தள்ளுபடிகள் இருந்தன, அலாரம் வைத்து எழுந்து பார்த்தவர்கள் எனக்குத் தெரியும். 2015 கடைசியில் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது பெரிய தள்ளுபடியின் முதல் நாள் போட்ட விலைதான் கடைசி நாளும். அதனால் முதல் நாள் வாங்க வேண்டிய அவசியமே கிடையாது. நான் கடைசிக்கு முந்தின நாள்தான் வாங்குகிறேன். நடுவில் கிடைக்கிற அந்த ஒரு வாரம், பத்து நாளில் கூடையில் இருப்பதில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும், தம்பிக்கு உதிர்ந்ததுபோல.

காத்திருந்தும் பயனில்லாத கேம்களும் உண்டு. ஃபேக்டோரியோ தள்ளுபடிக்கே வராது, அதைச் செய்தவர்கள் ஆரம்பத்திலேயே அப்படித்தான் சொன்னார்கள், சொன்னபடி இருக்கிறார்கள். 2023 ஜனவரியில் விலைவாசியைக் காரணம் காட்டி விலையை ஏற்றவும் செய்தார்கள். அது வேண்டுமென்றால் இன்றே வாங்கலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். நின்டென்டோ தானே செய்கிற கேம்களும் பல வருடம் ஆனாலும் பெரிதாக இறங்குவதில்லை. இன்னொரு வகை, கடையிலிருந்தே எடுக்கப்படப் போகிற கேம்கள். கார் பந்தய கேம்களில் இது அடிக்கடி நடக்கும். உண்மையான கார்கள், பாட்டுகள் இவற்றுக்கு எழுதிய உரிமம் முடிந்தால் கேமை விற்க முடியாது. ஃபோர்ஸா ஹொரைசன் 4 அப்படித்தான் 2024 டிசம்பரில் கடைகளிலிருந்து போனது. ஏற்கெனவே வாங்கியவர்கள் விளையாடலாம், புதிதாக வாங்க முடியாது. அந்த மாதிரி அறிவிப்பு வந்த கேமுக்கு மட்டும் என் 60 மணி நேரக் கணக்கைத் தளர்த்துவேன்.

ஒரு கேம் ஏன் மலிவாக வருகிறது என்றும் பார்க்க வேண்டும். தள்ளுபடி பெரிது என்பதால் கேம் மோசம் என்று சிலர் நினைக்கிறார்கள், அது தவறு. துப்பாக்கிச் சண்டை கேமான டைட்டன்ஃபால் 2 ஒரு நல்ல உதாரணம். 2016 அக்டோபர் கடைசியில், ஒரு பக்கம் பேட்டில்ஃபீல்டு 1, மறு பக்கம் கால் ஆஃப் டூட்டி என்று அதே வகையின் இரண்டு மலைகளுக்கு நடுவில் வெளியிட்டார்கள். எதிர்பார்த்த அளவுக்கு விற்கவில்லை. பிறகு அடிமட்ட விலைக்குப் பல முறை வந்தது. தனியாக ஆடுகிற அதன் கதைப் பகுதி 6 மணி நேரம்தான் வரும், அந்த 6 மணி நேரத்தில் ஒரு கட்டம்கூட முந்தின கட்டத்தைப் போல இருக்காது. அதில் காலத்தில் முன்னும் பின்னும் தாவுகிற ஒரு கட்டம் உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் இடிந்து கிடக்கிற கட்டடம் பழையபடி நிற்கும், மறுபடி அழுத்தினால் இடிபாடு. எதிரே சுவர் இருந்தால் காலம் மாறு, ஓடிக்கொண்டே மாறு, தாவும்போது நடுவானில் மாறு. அந்தக் கட்டத்தை முடித்துவிட்டுக் கண்ட்ரோலரைக் கீழே வைத்து, அடுத்த கட்டத்துக்குப் போகாமல் அதையே மறுபடி ஆடினேன். அவ்வளவு மலிவாக வாங்கிய ஒன்று இவ்வளவு கொடுக்கும் என்று எதிர்பார்க்கவே இல்லை.

விற்காததால் மலிவானது ஒரு ரகம். அடுத்த பாகம் வரப்போகிறது, அதற்குள் நிறையப் பேரை உள்ளே இழுக்க வேண்டும் என்று முதல் பாகத்தை இறக்குவது இன்னொரு ரகம், இதுவும் நமக்கு நல்லதுதான். பயப்பட வேண்டியது, ஆட்கள் குறைந்துகொண்டே வருகிற ஆன்லைன் கேம் பெருந்தள்ளுபடிக்கு வரும்போது. இணையத்தில் மற்றவர்களோடு ஆட வேண்டிய கேம் என்றால் விலையைப் பார்க்கும் முன் இப்போது எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று பாருங்கள், ஸ்டீம்டிபியிலேயே அந்தக் கணக்கும் இருக்கிறது. 2014இல் வந்த தி க்ரூ என்கிற கார் பந்தய கேமின் சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று மூடினார்கள், தனியாக ஓட்டுவதற்கும் அதற்கு இணையத் தொடர்பு வேண்டியிருந்ததால் காசு கொடுத்து வாங்கியவர்களின் கேமும் அன்றோடு நின்றது. விளையாட்டுகளை இப்படிச் சாகடிக்காதீர்கள் என்று பெரிய இயக்கமே அதிலிருந்து கிளம்பியது. எனக்கு அந்த இயக்கத்தின் மேல் முழு ஆதரவு உண்டு. இணையம் இல்லாமல் ஓடுமா என்று கடைப் பக்கத்தில் தேடுவது அதற்குப் பிறகு என் வழக்கமாகிவிட்டது. ஒரே விலை என்றால் ஜிஓஜி என்கிற இன்னொரு இணையக் கடையில் வாங்குகிறேன், அங்கே பூட்டு எதுவும் இல்லாத இன்ஸ்டாலரை இறக்கி வட்டில் வைத்துக்கொள்ளலாம்.

பொறுத்திருந்தால் விலை மட்டும் மாறுவதில்லை, கேமே மாறுகிறது. சைபர்பங்க் 2077 வெளிவந்தது 2020 டிசம்பர் 10. ஒரு வாரம் கழித்து சோனி தன் பிளேஸ்டேஷன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது, திரும்ப வைக்க 2021 ஜூன் ஆனது. 2023 செப்டம்பரில் 2.0 என்ற புதுப்பிப்பு வந்தபோது பாத்திரத்தின் திறன்களை வளர்க்கும் முறை, போலீஸ், சண்டை எல்லாவற்றையும் மாற்றி எழுதியிருந்தார்கள். முதல் நாள் முழு விலை கொடுத்தவருக்குக் கிடைத்ததைவிட, மூன்று வருடம் கழித்துப் பாதி விலைக்கு வாங்கியவருக்கு நல்ல கேம் கிடைத்தது. நோ மேன்ஸ் ஸ்கையும் அப்படித்தான், 2016இல் திட்டியவர்களே பிறகு திரும்பி வந்தார்கள். அதனால் ஒரு பழைய கேமைப் பற்றிப் படிக்கும்போது தேதியைப் பாருங்கள். வெளிவந்த வாரத்தில் எழுதிய விமர்சனம், இப்போது விற்கிற கேமைப் பற்றியது இல்லை. ஸ்டீம் பக்கத்தில் மொத்த மதிப்பீடு ஒன்றும், கடந்த 30 நாள் மதிப்பீடு ஒன்றும் தனித்தனியே இருக்கும். மொத்தம் நன்றாக இருந்து சமீபத்தியது சரிந்திருந்தால், ஏதோ ஒரு புதுப்பிப்பில் எதையோ கெடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். போய்ப் படித்துவிட்டு வாருங்கள்.

ரிவ்யூ படிப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் முடிவுகளில் பாதி அங்கேதான் நடக்கிறது. ஸ்டீமில் ‘ஓவர்வெல்மிங்லி பாசிட்டிவ்’ என்றால் 95 சதவீதத்துக்கு மேல் கட்டைவிரல் உயர்த்தியிருக்கிறார்கள் என்று பொருள், ‘மிக்ஸ்ட்’ என்றால் 40க்கும் 70க்கும் நடுவில். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இது எத்தனை பேருக்குப் பிடித்தது என்கிற கணக்கு, எவ்வளவு பிடித்தது என்று இது சொல்லாது. 97 சதவீதம் பேர் ‘பரவாயில்லை’ என்று நினைத்தாலும் 97தான். சிலருக்கு உயிர், சிலருக்கு எரிச்சல் என்று பிரிந்து நிற்கிற கேம் 68இல் நிற்கும், அந்த 68க்குள் என் வாழ்நாள் கேம் ஒன்று இருக்கலாம். அதனால் நான் முதலில் படிப்பது எதிர்மறை ரிவ்யூக்கள், அதுவும் எழுதியவர் 20 மணி நேரத்துக்கு மேல் ஆடியிருந்தால். முக்கால் மணி நேரம் ஆடிவிட்டுத் திட்டுபவர் தன் கம்ப்யூட்டரைப் பற்றித் திட்டிக்கொண்டிருக்கலாம். 30 மணி நேரம் ஆடிவிட்டு வேண்டாம் என்பவர் அந்த கேமின் எலும்புவரை பார்த்தவர். அவர் சொல்கிற குறை எனக்கும் குறையா என்பது மட்டும்தான் கேள்வி.

டிஸ்கோ எலிசியம் வாங்கியது இப்படித்தான். எதிர்மறை ரிவ்யூ ஒவ்வொன்றிலும் ஒரே புகார்: சண்டையே இல்லை, படித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, மெதுவாகப் போகிறது. அதில் பத்து லட்சம் சொற்களுக்கு மேல் இருக்கின்றன, புகார் நியாயம்தான். ஆனால் எனக்கு அது புகாராகவே கேட்கவில்லை. நடந்துபோய் ஒவ்வொருவரிடமும் நின்று பேசி, தன் தலைக்குள்ளேயே இருபத்து நான்கு குரல்கள் சண்டை போடுவதைக் கேட்கிற ஒரு துப்பறியும் போலீஸ்காரன் கதை. படிப்பது பிடித்த எனக்கு அதைவிட என்ன வேண்டும்? அதே சமயம் 96 சதவீதம் வாங்கிய ஒரு உயிர்பிழைப்பு கேமை விட்டுவிட்டேன். பாராட்டியவர்கள் எல்லாரும் மரம் வெட்டுவதையும் பெட்டி அடுக்குவதையும் ரசித்து எழுதியிருந்தார்கள். எனக்கு அது இரண்டும் அலுப்பு. பாராட்டைப் படித்தே வேண்டாம் என்று முடிவு செய்தேன், இன்றுவரை வருத்தமில்லை.

ஆனால் ரிவ்யூவும் படங்களும் சேர்ந்து ஏமாற்றுகிற சமயமும் உண்டு. ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் என்கிற கேமை நான்கு தள்ளுபடிகளில் தாண்டிப்போனேன். லூக்கஸ் போப் என்ற ஒரே ஆள் செய்து 2018இல் வெளியிட்டது. படங்களைப் பார்த்தால் கறுப்பும் வெள்ளையும் மட்டும், அதுவும் பழைய மேகின்டாஷ் திரையில் தெரிவதுபோல் புள்ளி புள்ளியாக. கண் வலிக்கும் என்று நினைத்தேன். ஐந்தாவது முறை, இரண்டு மணி நேரம் பார்ப்போம், சரிவராவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று எடுத்தேன். கதை இதுதான்: 1807, காணாமல் போன ஒரு கப்பல் ஆளே இல்லாமல் துறைமுகத்துக்குத் திரும்பி வருகிறது, நாம் இன்சூரன்ஸ் கணக்கு எழுத அனுப்பப்பட்டவர். கையில் ஒரு கடிகாரம். ஒரு பிணத்தருகே அதைத் திறந்தால் திரை கறுத்துவிடும், அந்த ஆள் சாவதற்கு முந்தின சில நொடிகளின் சத்தம் மட்டும் கேட்கும். ஒரு கத்தல், காலடி, துப்பாக்கி. அப்புறம் அந்தச் சாவின் கணம் அப்படியே உறைந்து நிற்க, அதற்குள் நாம் நடந்து சுற்றிப் பார்க்கலாம். யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள், யார் கை யார் தோளில், கதவுக்குப் பின்னால் யார் ஒளிந்திருக்கிறார். கப்பலில் இருந்தவர்கள் 60 பேர். ஒவ்வொருவரும் யார், எப்படிப் போனார் என்று நோட்டில் எழுத வேண்டும். சும்மா குத்துமதிப்பாக எழுதி ஒவ்வொன்றாகச் சரிபார்க்கவும் முடியாது, மூன்று பேருடையது சரியாக இருந்தால்தான் நோட்டு ஒப்புக்கொள்ளும்.

முதல் இரவு ஒரு மாலுமியின் பெயருக்காக நாற்பது நிமிடம் அந்த உறைந்த கணங்களுக்குள் போய்ப் போய் வந்தேன். அவன் பேசுவதே இல்லை. ஏழெட்டுக் காட்சிகளில் ஓரமாக நிற்கிறான், எப்போதும் அதே இருவர் பக்கத்தில். அந்த இருவரின் பேச்சைத் திரும்பக் கேட்டபோதுதான் அவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று பிடிபட்டது, ஆட்கள் பட்டியலில் அந்த நாட்டுக்குக் கீழே மிச்சமிருந்தது ஒரே பெயர். எழுதினேன். மூன்று பெயர்களும் சேர்ந்து அச்செழுத்தாக மாறி நோட்டில் உட்கார்ந்தபோது அந்த அறையில் நான் மட்டும்தான் இருந்தேன், இருந்தாலும் சத்தமாக “ஆமா!” என்றேன். கண் வலியா? புள்ளிகள் இருப்பதே பத்து நிமிடத்தில் மறந்துபோனது. மொத்தம் 9 மணி நேரத்தில் முடிந்துவிட்டது. வாங்கிய எல்லா கேம்களிலும் மறந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆட முடியாதா என்று நான் ஏங்குகிற ஒன்று இருந்தால் அது இதுதான்.

அன்றிலிருந்து அந்த இரண்டு மணி நேரத்தை ஒரு கருவியாகவே வைத்திருக்கிறேன். ஸ்டீம் 2015 ஜூனில் கொண்டுவந்த விதி: வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால் காரணம் எதுவானாலும் பணத்தைத் திருப்பித் தருவார்கள். நிறையப் பேர் இதைக் கேம் ஓடவில்லை என்றால் மட்டும் பயன்படுத்துவது என்று நினைக்கிறார்கள், பிடிக்கவில்லை என்றாலும் தரலாம். ஆனால் இதைச் சோதனையாகப் பயன்படுத்த வேண்டுமென்றால், வாங்கிய 14 நாளுக்குள் நீங்கள் அதைத் திறக்க வேண்டும். ஆறு கேம் ஒன்றாக வாங்கினால் ஆறையும் இரண்டு வாரத்தில் சோதிக்க முடியாது, உரிமை தானாகவே காலாவதியாகிவிடும். ஒவ்வொன்றாக வாங்கினால் வாங்கிய இரவே ஆடிப் பார்க்கலாம். நான் அந்த இரண்டு மணி நேரத்தில் கதை நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை, பெரிய கேம்களில் கதை தொடங்கவே அவ்வளவு நேரம் ஆகும். ஓடுவது, திரும்புவது, அடிப்பது, மெனுவைத் திறப்பது, வரைபடத்தில் வழி தேடுவது, இப்படி அடுத்த 40 மணி நேரமும் கை செய்யப்போகிற வேலை சுகமாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். எழுத்து படிக்கிற அளவில் இருக்கிறதா என்றும். அப்புறம் மறுநாள் வேலைக்கு நடுவில் அந்த கேம் ஒருமுறையாவது ஞாபகத்துக்கு வருகிறதா என்று பார்க்கிறேன். வரவில்லை என்றால் அன்று மாலையே திருப்பிவிடுகிறேன்.

பதிப்புகள் விஷயத்தில் நான் ரொம்ப ஏமாந்திருக்கிறேன். பெயர் சொல்ல வேண்டாம், ஒரு பெரிய கேமின் ‘எல்லாம் அடங்கிய’ பதிப்பை, மூன்று விரிவாக்கங்கள் (பிறகு தனியாக விற்கிற கூடுதல் கதைகள்), உடைகள், ஆயுதங்கள் எல்லாம் சேர்த்து 80 சதவீதத்தில் வாங்கினேன். சாதாரணப் பதிப்பைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்று தோன்றியது. கதையின் முதல் பிரதேசத்தைத் தாண்டவே இல்லை. மூன்று விரிவாக்கங்களும் இன்னும் அப்படியே இருக்கின்றன. இப்போதெல்லாம் அடிப்படைப் பதிப்பை மட்டும் எடுக்கிறேன், முடித்தபின் பசி மிச்சமிருந்தால் விரிவாக்கமும் தள்ளுபடிக்கு வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். பல கேம்களை மூட்டையாக விற்பதிலும் இதே கதை: பத்தில் எனக்கு வேண்டியது இரண்டு என்றால், அந்த இரண்டின் தனி விலையோடு ஒப்பிட்டுத்தான் மூட்டையைப் பார்ப்பேன். வேறெங்கோ பாதி விலைக்குக் கீ, அதாவது கேமைத் திறக்கிற குறியெண், விற்கிறார்கள் என்று போகவே வேண்டாம், திருட்டு அட்டையில் வாங்கிய கீ என்று தெரிந்தால் பிறகு ரத்து செய்துவிடுவார்கள், கேமைச் செய்தவருக்கும் காசு போய்ச் சேராது.

சின்ன கேம்களைப் பற்றி ஒரு வார்த்தை. விலையை மணிக்கணக்கால் வகுத்து, ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவுதான் விழுகிறது, லாபம் என்று கணக்குப் போடும் பழக்கம் ஒன்று இருக்கிறது, எனக்கு அது கொஞ்சமும் உடன்பாடில்லை. நேரம் குறைவாக இருக்கிற ஒருத்திக்கு நீளம் எப்படி லாபமாகும்? எ ஷார்ட் ஹைக் ஒன்றரை மணி நேரம்: ஒரு பறவைக்குட்டி மலையேறுகிறது, அவ்வளவுதான், மேலே போய்ச் சேர்ந்து இறங்கிப் பறக்கிற அந்த ஒரு நிமிடத்துக்காக இன்னொரு முறை ஏறினேன். வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் எடித் ஃபின்ச் இரண்டு மணி நேரம். அதில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறவனின் பகுதியை ஆடிப் பாருங்கள், ஒரு கையால் மீன் தலையை வெட்டிக்கொண்டே இன்னொரு கையால் அவன் கற்பனை உலகத்தில் நடக்க வேண்டும், கொஞ்ச நேரத்தில் கற்பனை திரையை முழுக்க மூடிவிடும், வெட்டுகிற கை மட்டும் தானாக வெட்டிக்கொண்டிருக்கும். 80 மணி நேர கேம்கள் பலவற்றில் எனக்குக் கிடைக்காத ஒன்று அந்தச் சில நிமிடங்களில் கிடைத்தது. இவை தள்ளுபடிக்கு வரும்போது யோசிக்காமல் எடுக்கிறேன், ஒரே மாலையில் முடித்துவிடலாம் என்பதால் லைப்ரரியில் தூசி படிவதில்லை.

தள்ளுபடிக்காகக் காத்திருக்காமல் வாங்குவதும் உண்டு. ஒன்றிரண்டு பேர் சேர்ந்து செய்த கேம், எனக்கு நிச்சயம் பிடிக்கும் என்று தெரிந்த வகை, இந்த வாரமே தொடங்கப்போகிறேன் என்றால் முழு விலை கொடுக்கிறேன். கடைகள் வழக்கமாக 30 சதவீதம் எடுத்துக்கொண்டபின் மிஞ்சுவதுதான் அவர்களுக்கு. ஸ்டார்டியூ வேலியை எரிக் பரோன் தனி ஆளாகச் செய்து 2016இல் வெளியிட்டார், 2024 மார்ச்சில் வந்த 1.6 வரை ஒவ்வொரு புதுப்பிப்பும் இலவசம். அப்படி உழைக்கிறவர்களுக்கு முழு விலை கொடுப்பதால் எனக்குக் கூடுகிற அந்தப் பாதி விலையை, நான் திறக்காமல் வைத்திருக்கும் 174இல் நாலைந்தை வாங்காமல் இருந்திருந்தாலே ஈடுகட்டியிருக்கலாம்.

இப்போது நடக்கிற தள்ளுபடி நாளை முடிகிறது. முதல் நாள் கூடையில் ஒன்பது கேம்கள் இருந்தன. இன்று பார்த்தபோது மூன்று இருந்தன: சுமார் 20 மணி நேரம் கேட்கிற அவுட்டர் வைல்ட்ஸ், ஒரே மாலையில் முடிகிற ஒரு சின்னது, அப்புறம் 70 மணி நேரம் கேட்கிற ஒரு ஆர்பிஜி. மூன்றாவதைச் சற்று முன் எடுத்து விஷ்லிஸ்டில், அதாவது பிறகு வாங்கலாம் என்று குறித்துவைக்கிற பட்டியலில், திரும்பப் போட்டேன். அதன் விலைக் கோட்டைப் பார்த்தேன், ஒன்றரை வருடமாக ஒவ்வொரு பருவத்திலும் இதே எண்ணுக்கு வந்து நிற்கிறது. 20 சதவீதமோ அதற்கு மேலோ இறங்கினால் ஸ்டீமே மின்னஞ்சல் அனுப்பும். சின்னதை இன்று இரவே ஆடப்போகிறேன். தம்பியையும் அவுட்டர் வைல்ட்ஸ் எடுக்கச் சொல்லியிருக்கிறேன், அதைப் பற்றி எங்கேயும் ஒரு வரிகூடப் படிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. “எத்தன சதவீதம்க்கா?” என்று கேட்டான். வாங்கினால் என்றைக்கு ஆடுவாய் என்று கேட்டேன். சனிக்கிழமை என்றான்.